ஆறு சபைகளும் ஒரு சாவியும்: ஜெருசலேம் பழைய நகர நடைச் சுற்றுலா குறித்த மதிப்புரை

ஜெருசலேமின் பழைய நகரத்தை எந்தெந்தச் சமயத்தார் எப்படிப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள் என்பதையே பொருளாகக் கொண்டு, அங்குள்ள தனியார் நிறுவனம் ஒன்று அரை நாள் நடைச் சுற்றுலா நடத்துகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் வழக்கமான புனித பூமிப் பயணத்தில் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றையும் பத்து நாளுக்குள் முடித்தாக வேண்டியிருப்பதால், இந்த நகரத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் பெரும்பகுதி பேருந்தில் ஏறி இறங்குவதிலும் ஆள் கணக்கு எடுப்பதிலுமே போய்விடுகிறது. ஆகவே நானும் என் மனைவியும், எங்கள் குழுவில் வந்திருந்த தூத்துக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், ஓய்வுக்கென்று விடப்பட்ட நாளில் இந்தச் சேவையைத் தனியாகப் பதிவு செய்துகொண்டோம். இயேசுவின் கல்லறை இருந்த இடமாகக் கருதப்படும் திருக்கல்லறைத் தேவாலயத்தைப் பொறுத்தவரை கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது. ஆலய மலை என்று யூதர்களும் ஹரம் அல்-ஷரீஃப் என்று முஸ்லிம்களும் அழைக்கும் வளாகத்தைப் பொறுத்தவரை பாதிகூடக் கிடைக்கவில்லை. பழகி இறுகிப்போன பங்கீட்டை விளக்குவதில் வழிகாட்டிக்கு இருந்த தேர்ச்சி, இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் பங்கீட்டின் அருகே வந்ததும் காணாமல் போய்விட்டது என்பதே என் முதன்மையான மதிப்பீடு.

நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. இதே தடத்தில் சுற்றுலா நடத்துவோர் பலர் இருக்கிறார்கள்; நான் சொல்லும் நிறைகுறைகளை வைத்து, பதிவு செய்யுமுன் எவரிடமும் கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

காலை எட்டரை மணிக்கு யாஃபா வாயிலில் கூடினோம். பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற விதியை அவர்கள் உண்மையாகவே கடைப்பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு ரிசீவரும் காதுக்கருவியும் தந்தார்கள். கடைத்தெருவின் இரைச்சலில் அது இல்லாமல் ஒரு சொல்கூடக் கேட்டிருக்காது. வழிகாட்டியின் ஆங்கிலம் நிதானமானது, நம்மவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1537-க்கும் 1541-க்கும் இடையில் கட்டிய மதிலையும், அதற்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான பரப்பில் அடங்கியுள்ள முஸ்லிம், கிறிஸ்தவ, ஆர்மீனிய, யூதக் குடியிருப்புகளையும் பற்றிய வழக்கமான முன்னுரையை அவர் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டார். வழிகாட்டி நூல் எதிலும் கிடைக்கக்கூடிய செய்திகளுக்கு நேரத்தைச் செலவிடாத அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்தது.

முதலில் எங்களைத் தேவாலயத்தின் வாசலுக்கு அழைத்துச் செல்லாமல் கூரைக்கு அழைத்துச் சென்றார். புனித ஹெலனா சிற்றாலயத்தின் மேல்தளத்தில், டெய்ர் எஸ்-சுல்தான் என்ற பெயரில், சிறு சிறு மண்குடில்களில் எத்தியோப்பியத் துறவிகள் வாழ்கிறார்கள். அந்த இடம் தங்களுடையது என்பது எகிப்தின் காப்டிக் சபையாரின் வாதம். 1970-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருவிழாவின்போது காப்டிக் துறவிகள் கீழே வழிபாட்டில் இருந்த நேரம் பார்த்துப் பூட்டுகள் மாற்றப்பட்டன. 1971-இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் காப்டிக் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், அதைச் செயல்படுத்துவதை அரசு நிறுத்தி வைத்தது. இன்றுவரை நிலைமை அப்படியேதான் இருக்கிறது. தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் காப்டிக் துறவி ஒருவர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்வது வழக்கம். 2002 ஜூலையில், வெயில் தாங்காமல் அவர் அந்த நாற்காலியை நிழலுக்கு நகர்த்தியதை எத்தியோப்பியர்கள் ஆக்கிரமிப்பாக எடுத்துக்கொண்டதில் கைகலப்பு மூண்டு, 11 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நாங்கள் போனதும் கோடைக்காலம்தான். ஒன்பதரை மணிக்கே தரைக்கல் சுட்டது. நிழல் என்று சொல்லும்படி ஒரு சுவரோரம் மட்டுமே இருந்தது. வழிகாட்டி அந்தச் சுவரோரத்தைக் கையால் காட்டினாரே தவிர, எங்கள் எவரையும் அங்கே போய் நிற்கச் சொல்லவில்லை.

இத்தகைய சண்டைகளை வேடிக்கைக் கதைகளாகச் சொல்லிவிட்டுப் போகிற வழிகாட்டிகள்தாம் அதிகம். இவர் அவற்றுக்குப் பின்னால் உள்ள சட்ட வழக்கத்தை விளக்கினார்; இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவது இந்த இடத்துக்காகவே. ஒட்டோமான் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் வழக்கப்படி, ஓரிடத்தின் கூரையையோ தரையையோ பழுதுபார்க்கும் அதிகாரம் எவருக்கு உண்டோ அந்த இடம் அவருக்கே உரியது. ஒரு தூணில் விளக்கோ படமோ மாட்டும் உரிமை அந்தத் தூணின் மீதுள்ள உடைமைக்குச் சான்று. பெருக்கித் துடைப்பதும் அப்படியே. ஆகவே அடுத்த சபையார் அன்போடு முன்வந்து ஓர் ஓட்டையை அடைத்துக் கொடுத்தால்கூட, அதை ஏற்றுக்கொள்வது சொத்தை எழுதிக் கொடுப்பதற்குச் சமமாகிவிடும். முற்றத்தில் உள்ள படிக்கட்டின் கடைசிப் படியைப் பெருக்குவது யார் என்பதில் 1901-இல் கத்தோலிக்கர்களான பிரான்சிஸ்கன் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் அடித்துக்கொண்டார்கள். அந்தப் படியின் உயரம் கண்ணுக்கே தெரியாத அளவு. அது படியா, முற்றத்தின் தரையா என்பதுதான் வழக்கு. படி என்றால் மேலேயுள்ள சிற்றாலயத்தோடு சேர்ந்து பிரான்சிஸ்கன்களுக்குப் போகும், தரை என்றால் கிரேக்கர்களுக்குப் போகும். இப்படி விளங்கிக்கொண்ட பிறகு அந்தத் துறவிகளைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. வாய்க்கால் வரப்புத் தகராறில் மூன்று தலைமுறையாக நீதிமன்றம் ஏறி இறங்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்கு இது ஒரு வரியில் புரிந்துவிடும்.

முற்றத்தில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தால், வாசலுக்கு மேலே வலப்பக்கச் சன்னலடியில் ஒரு சிறிய மர ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 1728-ஆம் ஆண்டின் செதுக்கோவியம் ஒன்றிலேயே அந்த இடத்தில் ஏணி இருக்கிறது. 1757-இலும் 1852-இலும் சுல்தான்கள் பிறப்பித்த ஆணைகளின்படி, பொதுவான இடத்தில் உள்ள எதையும் எல்லாச் சபைகளும் ஒப்பாமல் அசைக்கக் கூடாது என்பதால் அது அங்கேயே நிற்கிறது. 1997-இல் யாரோ அதைக் கழற்றி ஒளித்து வைத்தார்கள். பிறகு மீட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்கள். ஸ்டேட்டஸ் கோ என்று இன்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டை எவரும் உட்கார்ந்து திட்டமிட்டு வகுக்கவில்லை. கிரேக்கர்களுக்குப் பின்னால் ரஷ்யாவும் கத்தோலிக்கர்களுக்குப் பின்னால் பிரான்சும் நின்று மல்லுக்கட்டிய வேளையில், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று சுல்தான் அப்துல்மஜீத் கைகழுவியதன் விளைவு அது. அந்த மல்லுக்கட்டு, 1853-இல் தொடங்கிய கிரைமியப் போருக்கு ஒரு காரணமாகவும் ஆயிற்று. 1878-இன் பெர்லின் உடன்படிக்கை தன் 62-ஆம் பிரிவில், புனிதத் தலங்களின் ஸ்டேட்டஸ் கோவில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று எழுதி அதைப் பன்னாட்டு வாக்குறுதியாக்கியது. ஒட்டோமான், பிரிட்டன், ஜோர்டான், இஸ்ரேல் என்று ஆட்சிகள் மாறியும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

உள்ளே போனதும் கூட்டம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ரோமன் கத்தோலிக்கம், ஆர்மீனியம் என்ற மூன்று பெரிய பங்காளிகளோடு, காப்டிக், சிரியன், எத்தியோப்பியம் என்ற மூன்று சிறிய பங்காளிகளும் இங்கே உண்டு. எந்தச் சபைக்கு எந்த மூலை, எந்த மணிக்கு யார் தூபம் காட்டலாம், பவனி எந்தத் தூணைச் சுற்றி வரலாம் என்பதெல்லாம் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டவை. கல்லறைச் சிற்றறைக்குள் 43 விளக்குகள் தொங்குகின்றன. கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர் ஆகியோருக்குத் தலா 13, காப்டிக் சபைக்கு 4. வரிசையில் நிற்கும்போதே வழிகாட்டி இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டதால், உள்ளே கிடைத்த அரை நிமிடத்தில் என் மனைவி மண்டியிட்டுச் செபித்துக்கொண்டிருக்க, நான் விளக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்லறைச் சிற்றறையைப் பற்றிய விளக்கமும் தரமாகவே இருந்தது. 1927 நிலநடுக்கத்தில் தளர்ந்துபோன அந்த அமைப்பை, பிரிட்டிஷார் 1947-இல் இரும்புச் சட்டங்களால் கட்டி நிறுத்தினார்கள். யார் பழுதுபார்ப்பது என்று முடிவாகாததால், தற்காலிகமாக மாட்டிய அந்தச் சட்டம் எழுபது ஆண்டுகள் நீடித்தது. 2015-இல் பாதுகாப்பில்லை என்று காவல்துறை சில மணி நேரம் அதை மூடிய பிறகே மூன்று பெரிய சபைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு வேலையை முடித்து, 2017 மார்ச்சில் கல்லறை மீண்டும் திறக்கப்பட்டது. இடிந்து விழும் என்ற அச்சம் வந்தால் இந்தச் சபைகள் ஒன்றுகூடும் என்பதற்கும், அதுவரை கூடமாட்டா என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நகராட்சி வரி விதிக்க முயன்றபோது 2018 பிப்ரவரியில் அவை மூன்று நாள் கதவடைத்து ஒரே குரலில் எதிர்த்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கதவின் சாவி முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கையில் இருக்கிறது என்பது பலரும் கேள்விப்பட்ட செய்தி. சாவியை வைத்திருப்பது ஜூதே குடும்பம், கதவைத் திறந்து மூடுவது நுசைபே குடும்பம் என்று அதிலேயே இன்னொரு பங்கீடும் இருக்கிறது. சலாஹுத்தீன் 1187-இல் நகரைக் கைப்பற்றிய காலத்தோடு இந்தப் பொறுப்பை மரபு இணைத்துச் சொல்கிறது. வழிகாட்டி இதைச் சொன்னாரே தவிர, சுற்றுலா நண்பகலோடு முடிந்துவிடுவதால், இந்தச் சேவையில் பார்க்க முடியாமல் போவது இந்த நகரின் பங்கீட்டை ஒரே காட்சியில் காட்டக்கூடிய நிகழ்வு: இரவில் கதவை அடைப்பது. நாங்கள் தனியாகப் போய் அதைப் பார்த்தோம். கதவை வெளியிலிருந்து சாத்திய பிறகு, கதவிலுள்ள சிறு திட்டி வழியாக உள்ளிருந்து ஓர் ஏணியை நீட்டுகிறார்கள். காவலர் அதில் ஏறி மேல்பூட்டைப் பூட்டி இறங்கி, ஏணியைத் திட்டி வழியாகவே திருப்பிக் கொடுக்கிறார். ஏணி உள்ளே, சாவி வெளியே. இரவு முழுவதும் துறவிகள் உள்ளே பூட்டுண்டு கிடக்கிறார்கள். கட்டணம் ஏதும் இல்லை, முன்பதிவும் வேண்டாம். சுற்றுலாவை மாலையிலும் ஒரு முறை நடத்தினால் இந்த நிறுவனத்தின் மதிப்பே வேறாகிவிடும்.

நேரம் தொடர்பாக ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். பிரான்சிஸ்கன் துறவிகளின் அன்றாடப் பவனியைச் சுற்றுலா முடிந்த பிறகு நான்கு மணிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவர்கள் தந்த குறிப்புத்தாளில் இருந்தது. நான்கு மணிக்குப் போனால் பவனியும் இல்லை, அதற்கான ஆயத்தமும் இல்லை. நாட்டில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். தேவாலயத்திலோ ஸ்டேட்டஸ் கோ அதை ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே உள்ளே நான்கு மணி ஆகும்போது வெளியே ஐந்து மணி ஆகிவிடுகிறது. ஸ்டேட்டஸ் கோவை விளக்குவதற்கென்றே பணம் வாங்கும் ஒரு நிறுவனம், தன் குறிப்புத்தாளில் அதை மறந்தது நகைமுரண்தான்.

சீயோன் மலையில் உள்ள இறுதி இராவுணவு அறையில் நாங்கள் நின்றது மிகக் குறுகிய நேரம். கீழ்த்தளத்தில் தாவீதின் கல்லறை என்று யூதர்கள் வணங்கும் இடம், மேல்தளத்தில் கிறிஸ்தவர்களின் அறை, அந்த அறைச் சுவரிலேயே பள்ளிவாசலாக இருந்த காலத்தில் தொழுகைத் திசையைக் காட்டிய மிஹ்ராப் மாடம் என்று மூன்று சமயங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

இனி, ஏமாற்றம் தந்த பகுதிக்கு வருகிறேன். விளம்பரத்தில் மூன்று சமயங்களின் நகரம் என்று போட்டிருந்தும், சுற்றுலா, அந்த வளாகத்தை ஒட்டி யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரின் முற்றத்தோடு நின்றுவிடுகிறது. சுவருக்குப் பக்கத்தில் மரத்தாலான சாய்தளம் ஒன்று மேலே ஏறிப் போகிறது. அது சென்று சேரும் முக்ராபி வாயில் வழியாக மட்டுமே முஸ்லிம் அல்லாதோர் வளாகத்துக்குள் போக முடியும். வழிகாட்டி அதைக் கைகாட்டி, மேலே ஜோர்டான் சார்பிலான வக்ஃபு நிர்வாகம், வாயில்களில் இஸ்ரேலியக் காவல், யூதர்கள் வரலாம் ஆனால் வழிபடக் கூடாது, இதுதான் பழைய நகரை இஸ்ரேல் கைப்பற்றிய 1967 ஜூனில் அதன் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் செய்த ஏற்பாடு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். சொன்னது சரிதான். 1994-இன் இஸ்ரேல்–ஜோர்டான் அமைதி உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு ஜோர்டானின் தனிப்பொறுப்பை மதிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் திருக்கல்லறைக் கூரையில் நாற்காலி நகர்ந்த கதையை அவ்வளவு விரிவாகச் சொன்னவர், அங்கிருந்து சிறிது தூரத்திலேயே உள்ள இந்தச் சுவரடியில் 1928-இல் ஒரு தட்டி வைக்கப்பட்ட கதையைச் சொல்லவே இல்லை.

அந்த ஆண்டு யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரில், வழிபாட்டுக்கு வந்த ஆண்களையும் பெண்களையும் பிரிப்பதற்காக யூதர்கள் சுவரருகே ஒரு தடுப்புத் தட்டியை வைத்தார்கள். தட்டியை அனுமதித்தால் நாளை அது உரிமையாகிவிடும் என்று முஸ்லிம் தரப்பு முறையிட, பிரிட்டிஷ் காவலர்கள் வழிபாட்டின் நடுவே அதைப் பிடுங்கி அகற்றினார்கள். துடைப்பத்துக்கும் விளக்குக்கும் பொருந்திய அதே தர்க்கம்தான் இங்கேயும். ஆனால் இங்கே அது துறவிகளின் கைகலப்போடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மூண்ட வன்முறையில் இரு தரப்பிலும் சேர்த்து 240-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் அமைந்த பன்னாட்டு ஆணையம், சுவர் முஸ்லிம்களின் உடைமை, யூதர்களுக்கு அங்கே வந்து வழிபடத் தடையில்லை, ஆனால் நாற்காலியோ தட்டியோ கொண்டுவரக் கூடாது, ஷோஃபார் கொம்பு ஊதக் கூடாது என்று பொருள் பொருளாக எழுதி வைத்தது. திருக்கல்லறையில் தாக்குப்பிடித்த அதே மருந்தை இங்கேயும் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை என்பதுதான் இந்தச் சுற்றுலாவின் மையப் பாடமாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் நின்றிருந்த அந்த விரிந்த முற்றமே 1967 ஜூன் வரை முக்ராபி குடியிருப்பாக இருந்தது, போர் முடிந்த கையோடு அங்கிருந்த சுமார் 135 வீடுகள் இடிக்கப்பட்டன என்பதும் சொல்லப்படவில்லை. 2017 ஜூலையில் வளாகத்தின் வாயில்களில் உலோகம் கண்டறியும் கருவிகளை நிறுவியதும், தொழுகையாளர்கள் உள்ளே போக மறுத்துத் தெருவிலேயே தொழுததும், கருவிகள் அகற்றப்பட்டதும் அண்மைக்கால நிகழ்ச்சிகள். தயானின் ஏற்பாட்டுக்கு மாறாக யூத வழிபாடு மேலே வெளிப்படையாக நடப்பதும், இஸ்ரேலிய அமைச்சர் இத்தமார் பென் க்விர் அதை ஆதரிப்பதும் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரிந்தவை. வழிகாட்டியிடம் நான் கேட்டபோது, குழுவில் எல்லாத் தரப்பினரும் இருப்பதால் அரசியல் பேசுவதில்லை என்றார். காலையில் கூரை மேல் நின்று நீதிமன்றத் தீர்ப்பையும் அரசின் தயக்கத்தையும் பேசியது அரசியல் இல்லையா என்று கேட்க நினைத்து, கூட்டத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆசிரியர் மட்டும் விடவில்லை. “இதுக்குப் பேசாம ஐ.நா. கையிலேயே கொடுத்திருக்கலாமே, சார்? கேட்டுச் சொல்லுங்களேன்” என்று என்னிடம் சொன்னார். மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் வழிகாட்டி மறுபடியும் காலையில் இருந்த மனிதரானார். 1947 நவம்பர் 29-இன் 181-ஆம் தீர்மானம் அதைத்தான் சொன்னது: பெத்லகேமையும் சேர்த்து ஜெருசலேம் எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் ஐ.நா. பொறுப்பில் தனி ஆட்சிப் பகுதியாக இருக்கும், பத்தாண்டு கழித்து மறுபரிசீலனை. அதற்குள் போர் வந்தது. மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், பழைய நகரம் உள்ளிட்ட கிழக்குப் பகுதி ஜோர்டானிடமும் போய், 1967 வரை நகரின் நடுவே முள்வேலி நின்றது. 1949 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் புனிதத் தலங்களுக்குப் போய்வர வழி செய்யப்படும் என்று எழுதியிருந்தும், அந்த 19 ஆண்டுகளில் யூதர்களால் மேற்குச் சுவருக்கு வர முடியவில்லை. “எழுதி வைத்தால் மட்டும் போதாது போல” என்று ஆசிரியர் தலையாட்டிக்கொண்டார்.

பதிவு செய்ய நினைப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நபருக்கு 55 டாலர் வாங்கினார்கள்; தேவாலயத்திலும் சுவரடியிலும் வளாகத்திலும் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால், கொடுப்பது முழுவதும் வழிகாட்டிக்கான விலைதான். மேலே வளாகத்துக்குப் போக விரும்புவோர் வெள்ளி, சனி நாட்களைத் தவிர்த்துவிட்டு, சுற்றுலாவை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொண்டு, காலையிலேயே சாய்தளத்தின் வரிசையில் நின்றுவிடுவது நல்லது. முஸ்லிம் அல்லாதோருக்குத் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு, அதுவும் நிலவரத்தைப் பொறுத்து முன்னறிவிப்பின்றி ரத்தாகும். விவிலியம், செபமாலை போன்றவற்றைச் சோதனையில் தடுத்து விடுவார்கள், விடுதியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பாறைக் குவிமாடத்துக்குள்ளும் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குள்ளும் முஸ்லிம் அல்லாதோருக்கு அனுமதி இல்லை, முற்றத்தில் மட்டும் நடக்கலாம். முஸ்லிம் பயணிகள் மற்ற வாயில்கள் வழியாகவே தொழுகைக்குப் போகலாம் என்பதால், அவர்களுக்கு இந்தச் சுற்றுலாவின் கடைசிப் பகுதியால் பயனில்லை. சீர்திருத்தச் சபையினர் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்: திருக்கல்லறைத் தேவாலயத்தில் அவர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை, மதிலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறை இந்தத் தடத்தில் வராது. முழங்கால் வலி உள்ளவர்கள் கூரைக்கு ஏறும் படிகளைக் கணக்கில் கொள்ளட்டும். ஆர்த்தடாக்ஸ் உயிர்த்தெழுதலுக்கு முந்தைய சனிக்கிழமை, புனித நெருப்புச் சடங்கு நடக்கும் நாளில், இவர்கள் பதிவு ஏற்றாலும் செய்ய வேண்டாம். காவல்துறைத் தடுப்புகளைத் தாண்டி முற்றத்தைக்கூட எட்ட முடியாது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அந்த மூன்றரையும் தேவாலயத்துக்கு வெளியே போகுமுன் அவர் சம்பாதித்தது.